கம்யூனிட்டி காலேஜ்: கிளாஸ், கார், வீடு. நடுவில் வேறு எதுவும் இல்லையா?

காவிரிக்கரை | அக்டோபர் 3, இரவு 10:12

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் ஆகஸ்ட் கடைசியில் ஈஸ்ட் பேயில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தாள். நேரடியாகக் கேட்ட இடங்கள் கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் இங்கே படித்துவிட்டு யூசிக்கு (கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு) டிரான்ஸ்ஃபர் என்பது திட்டம். கலிபோர்னியாவாசிகளுக்கு யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அலகு) 46 டாலர்தான், 12 யூனிட் எடுத்தால் 552. பணத்தில் எனக்குப் புகார் இல்லை.

ஊரில் அத்தையிடம் சொன்னபோது, "கம்யூனிட்டி காலேஜா? எந்தக் கம்யூனிட்டிக்கு?" என்று கேட்டார். ஸ்கூலில் சேரவே கம்யூனிட்டி சர்ட்டிஃபிகேட் கேட்கும் ஊர், அவர் மேல் தப்பில்லை. அதற்கப்புறம் என் மனைவி "கலிபோர்னியாவில் காலேஜ்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மகள் வீட்டில் மறந்துவிட்டுப் போன கால்குலேட்டரைக் கொடுக்கப் போனேன். பார்க்கிங்கில் எங்கள் பழைய கொரோலா நின்றது. உள்ளே இவள். ஸ்டீயரிங்கில் டிபன் டப்பாவைச் சாய்த்து வைத்துப் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. "ஏம்மா, உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா?" என்றேன். "யாரோடப்பா?" என்றாள்.

ஆறு வாரமாக இப்படித்தானாம். கிளாஸ், கார், வீடு. ஹாஸ்டல் கிடையாது, கிளாஸ் முடிந்ததும் எல்லாரும் கலைந்துவிடுகிறார்கள். நான் ஏதாவது கிளப்பில் சேரச் சொல்கிறேன். மனைவி, "டிரான்ஸ்ஃபருக்கு ஜிபிஏ போதும், கிளப் எதற்கு?" என்கிறாள். இரண்டில் எது சரி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாதிராத்திரி | அக்டோபர் 3, இரவு 11:48

உங்கள் வீட்டு அக்கா சொல்வதுதான் சரி. கிரேடு இருந்தால் போதும். நான் வாரம் 28 மணி நேரம் ஒரு கிடங்கில் நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு 12 யூனிட் படிக்கிறேன். கிளப்பெல்லாம் அப்பா வாடகை கட்டுகிற பிள்ளைகளுக்கு. தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் மகளைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

இட்லிக்கடை | அக்டோபர் 4, காலை 7:30

காவிரிக்கரை அண்ணா, அந்தக் கார் சாப்பாட்டைப் படித்ததும் சிரிப்பு வந்தது, வயிற்றையும் பிசைந்தது. நானும் ஒரு செமஸ்டர் முழுக்க அப்படித்தான் சாப்பிட்டேன். என்னுடையது சிவிக், அவ்வளவுதான் வித்தியாசம்.

பாதிராத்திரி சொல்வதில் பாதி உண்மை. 'டேக்' என்று ஒன்று இருக்கிறது, டிரான்ஸ்ஃபர் அட்மிஷனுக்கு உத்தரவாதம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூசிக்களில் ஏதாவது ஒன்றுக்கு மட்டும் போடலாம். டிரான்ஸ்ஃபர் ஆகிற வருஷத்துக்கு முந்தைய செப்டம்பருக்குள் போட்டாக வேண்டும். அங்கே பேச்செல்லாம் பாடமும் ஜிபிஏவும்தான். நீங்கள் கிளப் தலைவரா என்று கேட்க மாட்டார்கள்.

ஆனால் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றுக்கும் டேக் கிடையாது. டேக் தரும் இடங்களிலும் எல்லா மேஜருக்கும் (முக்கியப் பாடத்துக்கும்) கிடையாது, கணினி அறிவியல் என்றால் ரொம்பக் கவனமாகப் பார்க்க வேண்டும். அப்புறம் யூசி விண்ணப்பத்தில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். ஒன்று கட்டாயம்: எடுக்கப்போகிற மேஜருக்கு எப்படித் தயாரானாய்? மீதி ஏழில் மூன்றை நாமே பொறுக்கிக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள். காரில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டதை வைத்து ஒரு பதில் எழுதிவிடலாம். நான்கு எழுத முடியாது.

சரி, அட்மிஷனை விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. கம்யூனிட்டி காலேஜில் எல்லாரும் இரண்டு மூன்று வருஷத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அதனால் எந்தக் கிளப்பைப் பார்த்தாலும் ஆள் பஞ்சம். போன வருஷத் தலைவர் டிரான்ஸ்ஃபர் ஆகிப் போயிருப்பார், பொருளாளர் வேலை கிடைத்துப் போயிருப்பார், மீதி நான்கு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த அறைக்குள் புதிதாக ஒருத்தி நுழைந்தால் அடுத்த மாதம் அவள்தான் செயலாளர். பெர்க்லி மாதிரி இடங்களில் சில கிளப்புகளில் சேரவே விண்ணப்பம், இன்டர்வியூ எல்லாம் உண்டு. அங்கே ஆளை வடிகட்டுகிறார்கள், இங்கே ஆள் கிடைக்காதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் உண்மையான பொறுப்பையும் கொஞ்சம் உண்மையான பணத்தையும் தூக்கிக் கொடுக்கிற இடம் இதைவிட்டால் சுலபத்தில் கிடைக்காது.

பணம் என்றதும் என் சமோசாக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது செமஸ்டரில் நான் இந்திய மாணவர் கிளப்புக்குப் பொருளாளர் ஆனேன். எப்படி ஆனேன் என்றால், கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன், அதற்குள் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அடுத்த ஃபாலில் தீபாவளி வந்தது, 200 சமோசா சொன்னோம், 186 டாலர். கடைக்காரர் தெரிந்தவர், நானே கார்டைத் தேய்த்தேன், பிறகு கிளப் கணக்கிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று. கிளப் கணக்கில் 400 டாலர் சும்மா கிடந்தது.

மறுநாள் படிவத்தோடு அட்வைசரைத் தேடிப் போனேன். அவர் கெமிஸ்ட்ரி பேராசிரியர், லேபில் இருந்தார். ஊதா நிறக் கையுறையைக் கழற்றாமலே கையெழுத்துப் போட்டார், காகிதத்தின் ஓரத்தில் ஏதோ மஞ்சளாக ஒட்டிக்கொண்டது. அதைத் தூக்கிக்கொண்டு மாணவர் அலுவலகத்துக்குப் போனால், கவுன்ட்டரில் இருந்த அம்மா மஞ்சள் கறையைக் கண்டுகொள்ளவே இல்லை. தேதியைத்தான் பார்த்தார். "செலவுக்கு முன்னால் ஓட்டெடுப்பு நடந்ததா? மினிட்ஸ் எங்கே?" மினிட்ஸ் என்றால் கூட்டக் குறிப்பு என்று தெரியாமல், நிமிஷம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். ஒப்புதல் வாங்கிவிட்டுத்தான் செலவு செய்ய வேண்டும், செய்துவிட்டு வந்தால் காசு திரும்பாது, அதுதான் விதி. கிளப்பில் பதினோரு பேர் ஆளுக்கு ஐந்து டாலர் போட்டார்கள். மீதி 131 டாலர் என் தலையில்.

யூசி கேள்விகளில் தலைமைப் பொறுப்பு பற்றி ஒன்று உண்டு. அதற்கு இந்தக் கதையைத்தான் எழுதினேன். டேவிஸில் இடம் கிடைத்தது. சமோசாவால் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்று ஆபீஸில் யாராவது "அப்புறம் பில் போட்டுக்கலாம்" என்றால் எனக்கு உடனே எண்ணெய் வாடை அடிக்கிறது.

காவிரிக்கரை | அக்டோபர் 4, மாலை 6:05

மிக்க நன்றி தம்பி. மனைவிக்கும் படித்துக் காட்டினேன், சமோசா வரும்வரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலேஜுக்கே போன் செய்து, என் மகளுக்கு எந்தக் கிளப் பொருந்தும், அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு கவுன்சலரிடம் கேட்கப் பார்த்தேன். "மாணவியின் அனுமதி இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது" என்று மரியாதையாக வைத்துவிட்டார்கள். ஃபீஸ் கட்டுவது நான்!

தாமதமாக_வந்தவள் | அக்டோபர் 4, இரவு 9:40

அண்ணா, அது ஃபெர்பா, மாணவர் பதிவுகளைக் காக்கிற சட்டம். காலேஜில் சேர்ந்துவிட்டால் பதினெட்டு நிறையாவிட்டாலும் பதிவுகள் பிள்ளையுடையவை. கவுன்சலரைக் குறை சொல்லாதீர்கள். மகளையே அப்பாயின்ட்மென்ட் போடச் சொல்லுங்கள், எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் என்று படிப்புத் திட்டம் ஒன்று போட்டுக் கொடுப்பார்கள். கிளப்பைவிட அது முதலில் வேண்டும்.

இங்கே எல்லாரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். நானே மாணவி. வயது 43. எச்-4இல் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) வந்து பத்து வருஷம் வீட்டில் இருந்தேன், கிரீன் கார்டு வந்த பிறகு முதலில் இலவச ஆங்கில வகுப்பு, அப்புறம் அக்கவுண்டிங். என் வகுப்பில் மூத்த மகன் வயதுப் பையன்களும் உண்டு, என்னைவிடப் பெரியவரான ஒரு வியட்நாமிய ஐயாவும் உண்டு. கம்யூனிட்டி காலேஜின் அழகே அதுதான். நான் போய் உட்கார்ந்தபோது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் மாதம் அதுவே எனக்குப் பெரிய நிம்மதி, மூன்றாவது மாதம் அதுவே பெரிய கஷ்டம்.

என்னுடையது சாயங்கால வகுப்பு, 6:30க்குத் தொடங்கி 9:20 வரை. அன்று எங்கள் நூலகம் ஏழு மணிக்கே மூடிவிடும். இடைவேளையில் ஒரு பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வழியில்லை. புத்தகம் 180 டாலர், நூலகத்தில் இரண்டு மணி நேரத்துக்கு இரவல் தருவார்கள், ஆனால் கதவு பூட்டியிருக்கும். பார்க்கிங்கில் நின்று தமிழில் திட்டிவிட்டு வீட்டுக்கு வருவேன்.

ஒருநாள் மாணவர் மையத்துக்கு வெளியே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மாணவர் அரசின் கூட்ட நிரல். கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் மாணவர் அரசும் பிரவுன் சட்டத்துக்கு உட்பட்டது. நகரசபைக்கு இருக்கிற அதே சட்டம். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னால் நிரலை எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும், பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும். அப்போது எனக்குச் சட்டம் எதுவும் தெரியாது. 'பொதுமக்கள் கருத்து, ஒருவருக்கு இரண்டு நிமிடம்' என்ற வரி மட்டும் கண்ணில் பட்டது.

இரண்டு நாள் எழுதினேன். முதலில் தமிழில், அப்புறம் ஆங்கிலத்தில், அப்புறம் மகனிடம் கொடுத்துத் திருத்தி. போய் நின்றபோது எதிரே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், எல்லார் முன்னாலும் பீட்சா. தலைவி என்கிற பெண் போனில் டைமரைத் தட்டினாள். பாதி வாசிக்கும்போதே மணி அடித்துவிட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் தாளை அந்தப் பெண்ணிடமே நீட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கால் நடுங்கியது. நிரலில் இல்லாத விஷயம், அதனால் அன்று முடிவெடுக்க முடியாது என்றார்கள். சரி, போச்சு என்று நினைத்தேன். அடுத்த கூட்டத்தில் அது நிரலிலேயே வந்துவிட்டது, ஐந்தாவது பொருள். மூன்று மாதம் இழுத்தது. இப்போது வாரம் இரண்டு நாள் ஒன்பது வரை திறந்திருக்கிறது.

அடுத்த வருஷம் செனட்டர் இடம் ஒன்று காலியாக இருந்தது, யாரும் போட்டியிடவில்லை, நான் நின்றேன், ஜெயித்தேன். இட்லிக்கடை தம்பி சொன்ன ஆள் பஞ்சம் என்னையும் தூக்கிவிட்டது.

பேச்சு வராத பிள்ளைக்குக் கிளப்பைவிட இந்தக் கூட்டம் ஒருவகையில் சுலபம். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தாளில் இருக்கிறது, யார் எப்போது பேசலாம் என்று விதி இருக்கிறது. "ஹாய், நீ எந்த மேஜர்?" என்று தொடங்கத் தேவையில்லை. சும்மா ஒருநாள் போய்ப் பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். பீட்சாவும் கிடைக்கும்.

ஸ்காபரோ_பனி | அக்டோபர் 5, காலை 8:15

நல்ல இழை. கனடாவில் இருந்து நானும் இரண்டு சொல் சொல்லலாமா?

இங்கே ஒன்ராறியோவில் கொம்யூனிட்டி கொலிஜ் என்றால் கதை வேறு. 1966இல் ஸ்காபரோவில் சென்ரெனியல்தான் முதலில் தொடங்கினது. யூனிவேர்சிட்டிக்கு மாறுகிறதுக்கான படி என்று பார்க்கிறது குறைவு, டிப்ளோமா எடுத்து நேராக வேலைக்குப் போகிறதுதான் கூட. அதனால் எங்கட பிள்ளையள் கேட்கிற முதல் கேள்வி "இது வேலைக்கு உதவுமோ?"

இங்கே மாணவர் யூனியன் காசு கட்டணச் சீட்டிலேயே வந்துவிடும். 2019இல் மாகாண அரசு, அதில் பலதை விரும்பினால் மட்டும் கட்டலாம் என்று மாற்றினது. யூனியன்காரர் நீதிமன்றம் போனார்கள். அந்த வருஷ நவம்பரிலேயே அரசின் உத்தரவு செல்லாது என்று தீர்ப்பு, 2021இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவுதான். அந்தச் சண்டை நடக்கும்வரைக்கும் நான் அப்படி ஒரு காசு கட்டுகிறேன் என்றே எனக்குத் தெரியாது. கட்டினதுதானே என்று பிறகு யூனியன் அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தால், வருமான வரி நிரப்ப உதவி, சாப்பாட்டுப் பொதி, பரீட்சைக் காலத்தில் இலவசக் கோப்பி எல்லாம் இருந்தது. காசைக் கட்டிப்போட்டு கோப்பியை வெளியில் வாங்கிக் குடித்தவன் நான்.

உங்கட மகளின் கட்டணச் சீட்டை ஒருக்கால் எடுத்துப் பாருங்கோ அண்ணை. மாணவர் பெயரில் ஏதாவது பிடிப்பார்கள்.

இட்லிக்கடை | அக்டோபர் 5, காலை 9:02

அருமை. கலிபோர்னியாவிலும் உண்டு. மாணவர் பிரதிநிதித்துவக் கட்டணம் என்று பருவத்துக்கு 2 டாலர், வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து விலக்கிக்கொள்ளலாம். அது போக ஒவ்வொரு காலேஜிலும் மாணவர் சங்கக் கட்டணம் என்று தனியாக ஏதாவது இருக்கும். அதில்தான் கிளப்புகளுக்குப் பணம் வருகிறது. என் 400 டாலரும் அப்படி வந்ததுதான். ஹும்.

வெள்ளலூர் | அக்டோபர் 5, மதியம் 1:20

எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறவர்கள் யாராவது படித்தால் உதவும் என்று எழுதுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து நேராக ஒரு கம்யூனிட்டி காலேஜுக்கு வந்தவன் நான். கலிபோர்னியாவாசிகளுக்கு 46 டாலர் என்று மேலே படித்துப் பெருமூச்சு விட்டேன். எங்களுக்கு யூனிட்டுக்கு அதைப்போலப் பல மடங்கு.

எஃப்-1இல் 12 யூனிட்டுக்குக் குறையக் கூடாது. வேலை என்றால் கேம்பஸுக்குள் மட்டும், செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம். வெளியே கடையில் நிற்பது, தெரிந்தவர் ஹோட்டலில் பாத்திரம் கழுவுவது எதுவும் கூடாது, மாட்டினால் விசா போய்விடும். எனக்குக் கிடைத்தது கணிதப் பயிற்சி மையத்தில் டியூட்டர் வேலை. கால்குலஸில் ஏ வாங்கியிருந்தேன், பேராசிரியர் ஒருவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தார், சேர்த்துக்கொண்டார்கள். அந்த வேலைக் கடிதத்தையும் சர்வதேச மாணவர் அலுவலகக் கடிதத்தையும் காட்டித்தான் சோஷியல் செக்யூரிட்டி எண்ணே வாங்கினேன்.

என் ஆங்கிலம் தேறியது அங்கேதான். முதல் நாள் வந்தவர் ஐம்பது வயது லாரி டிரைவர். பின்னக் கணக்கு வரவில்லை. நான் ஊர்ப் பழக்கத்தில் "எல்சிஎம் எடுங்கள்" என்றேன். விழித்தார். பத்து நிமிஷம் போராடிவிட்டு, பீட்சாவை ஆறாகவும் எட்டாகவும் வெட்டிப் படம் போட்டேன். "ஓ, காமன் டினாமினேட்டர்!" என்றார். அவருக்குப் பின்னம் புரிந்தது, எனக்கு அந்தச் சொல் கிடைத்தது.

எச்-4 பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. படிக்கலாம், கிளப்பில் சேரலாம், ஆனால் சம்பள வேலை கேம்பஸுக்குள்ளும் கூடாது. மாணவர் அரசில் சில பதவிகளுக்கு உதவித்தொகை கொடுப்பார்கள், அதைக் கை நீட்டி வாங்குவதற்கு முன் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். 21 வயதானால் எச்-4 முடிந்துவிடும் என்பதையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

பாதிராத்திரி | அக்டோபர் 5, இரவு 11:55

அக்கா எழுதிய நூலகக் கதையைப் பிரேக்கில் இரண்டு தடவை படித்தேன். எங்கள் காலேஜிலும் அதே பிரச்சினைதான். ஆனால் மாணவர் அரசுக் கூட்டம் புதன் மதியம் இரண்டு மணிக்கு. அப்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். இராத்திரி வேலை பார்க்கிறவன் குரல் மதியக் கூட்டத்தில் எப்படிக் கேட்கும்? கிளப் நேரமும் பன்னிரண்டிலிருந்து ஒன்று. எல்லாமே பகலில் சும்மா இருக்கிறவர்களுக்காக வைத்த மாதிரிதான் இருக்கிறது. இதற்கு யாரிடமாவது பதில் இருந்தால் சொல்லுங்கள், கிண்டலாகக் கேட்கவில்லை.

தாமதமாக_வந்தவள் | அக்டோபர் 6, காலை 6:50

இல்லை தம்பி, நீங்கள் கேட்பது நியாயம். எங்கள் மாணவர் அரசிலும் இதைப் பேசினோம், சாயங்காலம் ஒரு கூட்டம் வைக்கலாம் என்று. அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள் என்று நின்றுவிட்டது. என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் செய்யலாம். நேரில் வர முடியாதவர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் கருத்தை வாசிக்கிற வழக்கம் எங்களிடம் உண்டு, உங்கள் காலேஜில் உண்டா என்று கேளுங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் தனிச் செய்தி அனுப்புங்கள்.

இட்லிக்கடை | அக்டோபர் 6, காலை 8:20

பாதிராத்திரி, முதல் பதிலில் உங்களைக் கொஞ்சம் சுலபமாகக் கடந்துபோய்விட்டேன், மன்னிக்கவும். யூசி விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்கு 20 இடம் இருக்கிறது, அதில் வேலைக்கென்றே ஒரு பிரிவு. 28 மணி நேரம் நைட் ஷிஃப்ட் என்று நீங்கள் எழுதுவது, நான் பொருளாளர் என்று எழுதியதைவிடக் கனமானது. சம்பள வேலையை அங்கே போடக் கூடாது என்று நம்மவர்களில் நிறையப் பேர் நினைத்துக்கொண்டு காலியாக விடுகிறார்கள். கட்டாயம் போடுங்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதோடு.

வருமானம் குறைவு என்றால் ஈஓபிஎஸ் அலுவலகத்தில் கேட்டீர்களா? 1969இலிருந்து இருக்கிற திட்டம். தனிக் கவுன்சலர், புத்தகத்துக்கு உதவி, எல்லாவற்றுக்கும் மேலாக மற்றவர்களுக்கு முன்பே பாடம் பதிவு செய்யும் சலுகை. ஷிஃப்டுக்குத் தகுந்தமாதிரி வகுப்பு நேரத்தைப் பிடிக்க அந்தச் சலுகை பெரிய வரம்.

கூட்டத்துக்கே போகாமல் செய்யக்கூடியவையும் உண்டு. ஃபை தீட்டா காப்பா, 1918இலிருந்து இரண்டு வருடக் காலேஜ்களுக்கென்றே இருக்கிற ஹானர் சொசைட்டி, நன்றாகப் படிப்பவர்களுக்கான சங்கம். 12 யூனிட் முடித்து ஜிபிஏ 3.5 பக்கம் இருந்தால் பொதுவாக அழைப்பு வரும். மோசடி என்று நினைத்து நான் அந்த மின்னஞ்சலை இரண்டு முறை அழித்தேன். உறுப்பினர் கட்டணம் உண்டு, அதனால் கட்டுவதற்கு முன் உங்கள் கிளை உயிரோடு இயங்குகிறதா என்று பாருங்கள். சும்மா சான்றிதழுக்காகச் சேர்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கணக்கு பிடித்தவர்களுக்கு அமாட்டிக் போட்டி: ஒரு மணி நேரம், 20 கேள்வி, ஃபாலில் ஒரு சுற்று, ஸ்பிரிங்கில் ஒரு சுற்று. காலேஜிலேயே எழுதலாம், இரண்டு வருடக் காலேஜ் மாணவர்கள் மட்டும்தான் போட்டி. ஒலிம்பியாட் கும்பலோடு மோத வேண்டியதில்லை.

பிறகு ஹானர்ஸ் என்கிற உயர்நிலை வகுப்புகள். யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸ் யூசி) கனவு இருந்தால், 'டாப்' என்ற திட்டத்தில் இருக்கும் காலேஜ்களில் ஹானர்ஸ் முடித்தவர்களுக்கு அங்கே முன்னுரிமைப் பரிசீலனை உண்டு. ஜாக் கென்ட் குக் உதவித்தொகை டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு வருஷத்துக்கு 55,000 டாலர் வரை. கடும் போட்டி, பணத் தேவையையும் பார்ப்பார்கள். நாசா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கென்று இணையவழியில் ஒரு திட்டம் நடத்தி வந்தது, ஆனால் அது சிட்டிசன்களுக்கு மட்டும். வெள்ளலூர் மறுபடியும் பெருமூச்சு விடுவார்.

வெள்ளலூர் | அக்டோபர் 6, காலை 8:41

விட்டாச்சு.

பாதிராத்திரி | அக்டோபர் 7, அதிகாலை 1:10

20 இடம், வேலைக்குத் தனிப் பிரிவு. இது எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஈஓபிஎஸ் கதவைத் தாண்டித்தான் தினம் நடந்துபோகிறேன், ஏதோ வெளியூர்க்காரர்களுக்கு என்று நினைத்திருந்தேன். நன்றி அண்ணா. அக்கா, தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

நெறியாளர் | அக்டோபர் 7, காலை 10:00

விசா சம்பந்தமாக இன்னும் இரண்டு கேள்விகள் வந்திருந்தன, அவற்றை விசா பகுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே மாணவர் வாழ்க்கை மட்டும். தங்கள் சொந்தக் காலேஜைத் திட்டுகிறவர்கள் பெயர் போடாமல் திட்டவும். இதுவரை எல்லாரும் அப்படித்தான் செய்திருக்கிறீர்கள், நன்றி.

காவிரிக்கரை | நவம்பர் 15, இரவு 9:30

எல்லாருக்கும் ஒரு தகவல்.

இந்த இழையை மகளிடம் காட்டினேன். "அப்பா, என் சாப்பாட்டை இன்டர்நெட்டில் போட்டீர்களா?" என்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் அவளே, "அந்தக் கணக்கு மையம் எங்கள் காலேஜிலும் இருக்கிறது" என்றாள். வேலைக்கு இல்லை, ஹோம்வொர்க் செய்யப் போகிறாள். அங்கே பக்கத்து மேசையில் உட்காருகிற ஒரு ஃபிலிப்பினோ பெண் தாவரவியல் கிளப்பாம். காலேஜுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் குடில், தக்காளி, துளசி, ஏதோ கள்ளிச்செடிகள். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்று இவளைக் கூப்பிட்டிருக்கிறாள். இவள் மேஜர் எக்கனாமிக்ஸ், போய்த் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். அவள் அம்மாவுக்கு இதில் மட்டும் எந்த ஆட்சேபமும் இல்லை.

வியாழக்கிழமை டிபன் டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. தயிர்சாதம் புளித்துப்போய். கேட்டால், கூட்டத்தில் பீட்சாவாம். மனைவி டப்பாவைப் பார்த்து முணுமுணுத்தாள், நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது ஒரு கேள்வி. டிசம்பரில் கிளப்பில் செடி விற்பனை வைக்கப்போகிறார்களாம். இவளைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். தொட்டியும் மண்ணும் வாங்க என் கார்டைக் கேட்கிறாள், "அப்புறம் கிளப் தந்துவிடும்ப்பா" என்று. 140 டாலர். கொடுக்கலாமா?

இட்லிக்கடை | நவம்பர் 15, இரவு 9:34

அண்ணா, கார்டை உள்ளே வையுங்கள். மினிட்ஸ் எங்கே என்று கேளுங்கள்.